தங்கக் கூழ்மத்தின் சிவப்புக்கும் குவாண்டம் புள்ளியின் நிறத்துக்கும் காரணம் ஒன்றுதானா?

நிலா_எம்எஸ்சி

வணக்கம். எம்.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நானோ பொருட்கள் தாளில் ஒரு விஷயம் எவ்வளவு யோசித்தாலும் பிடிபடவில்லை. யாராவது பொறுமையாக விளக்கினால் பெரிய உதவியாக இருக்கும்.

போன வாரம் செய்முறை வகுப்பில் நீரில் மிதக்கும் தங்க நானோ துகள், அதாவது தங்கக் கூழ்மம் தயாரித்தோம். குளோரோஆரிக் அமிலக் கரைசலைக் கொதிக்க விட்டு, ஸ்டிரர் நன்றாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே ட்ரைசோடியம் சிட்ரேட்டை ஒரே ஊற்றாக ஊற்றினோம். வெளிர் மஞ்சள் முதலில் நிறமற்றுப் போனது. பிறகு கருநீலம், ஊதா என்று மாறி, கடைசியில் நல்ல அடர் சிவப்பில் நின்றது. யூவி–விசிபிளில் (எந்த அலைநீள ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று காட்டும் கருவி) 521 நானோமீட்டரில் ஒரே ஓர் உச்சி. இதுவரை பிரச்சினை இல்லை.

அப்புறம் சோதனைக் குழாயில் கொஞ்சம் எடுத்து, சமையல் உப்புக் கரைசலைச் சில சொட்டு விட்டோம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்பு போய் நீலம் வந்துவிட்டது. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதால் இப்படி ஆகிறது என்றார்கள்.

எங்களிடம் இருக்கும் குறிப்பில் எழுதியிருப்பது இது: துகளின் அளவு குறையும்போது குவாண்டம் கன்ஃபைன்மென்ட் (எலக்ட்ரான் சிறிய இடத்துக்குள் நெருக்கப்படுவது) காரணமாக ஆற்றல் இடைவெளி அதிகரிக்கிறது, எனவே நிறம் நீலத்தை நோக்கி நகர்கிறது, எடுத்துக்காட்டு தங்கம், காட்மியம் செலினைடு குவாண்டம் புள்ளி (சில நானோமீட்டர் அளவுள்ள குறைக்கடத்தித் துகள்). இங்கேதான் இடிக்கிறது. ஒட்டிக்கொண்டால் துகள் பெரிதாகத்தானே ஆகும்? பெரிதானால் சிவப்பை நோக்கி அல்லவா போக வேண்டும்? எங்கள் குழாயில் நேர்மாறாக நடக்கிறதே. இன்னொன்று, தங்கம் உலோகம். உலோகத்தில் ஆற்றல் இடைவெளியே கிடையாது என்றுதான் முதலாண்டில் படித்தோம். இல்லாத இடைவெளி எப்படி அதிகரிக்கும்? வைவாவில் இதைக் கேட்டால் என்ன சொல்வது?


குவார்க்

இரண்டுமே அளவைப் பொறுத்து மாறும் பண்புகள்தான். தேர்வில் ‘அளவு விளைவு’ என்று எழுதினால் மதிப்பெண் வந்துவிடும், ரொம்பக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நீலமானது பற்றி: உறிஞ்சப்படும் நிறமும் கண்ணுக்குத் தெரியும் நிறமும் வேறு வேறு. தங்கக் கரைசல் பச்சையை உறிஞ்சுகிறது, மிச்சம் சிவப்பாகத் தெரிகிறது. நீலமான குழாயை யூவியில் வைத்துப் பாருங்கள். உச்சி 600-க்கு மேல் போயிருக்கும். அதாவது உறிஞ்சுதல் சிவப்புப் பக்கம்தான் நகர்ந்திருக்கிறது. அதனால்தான் சிவப்பு போய் நீலம் தெரிகிறது.


வேதி டீச்சர்

குவார்க் சொன்னதில் இரண்டாவது பாதி முழுக்கச் சரி. அந்தக் குழாயைக் கட்டாயம் யூவியில் வைத்துப் பாருங்கள். முதல் பாதியைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. இல்லாத இடைவெளி எப்படி அதிகரிக்கும் என்று ஒரு மாணவி கேட்டால், நானோ வேதியியலின் மையத்துக்கே வந்துவிட்டார் என்று அர்த்தம். அவரிடம் ‘அளவு விளைவு’ என்று சொல்லி அனுப்பிவைப்பது அநியாயம். வருடா வருடம் இந்தச் செய்முறையை நடத்துகிறேன், இந்த இரண்டு காரணங்களையும் ஒரே மூட்டையாகக் கட்டிவைத்த குறிப்புகளையும் வருடா வருடம் பார்க்கிறேன். அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் துகளுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். நீங்கள் செய்த முறையில் பெரும்பாலும் 13-லிருந்து 20 நானோமீட்டர் வரை விட்டமுள்ள உருண்டைகள் வரும். 13 என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கன நானோமீட்டரில் தங்க அணுக்கள் 59 இருக்கும். கணக்குப் போட்டால் ஒரு துகளில் சுமார் 68,000 அணுக்கள். உள்ளே அணுக்கள் அடுக்கப்பட்டிருப்பது நகைக்கடைத் தங்கத்தில் இருக்கும் அதே முகப்பு மைய கனசதுரம், அதே 0.408 நானோமீட்டர் அலகுக்கூடு. எக்ஸ்ரே விளிம்பு விளைவு எடுத்தால், தாமிரக் கதிருக்கு முதல் உச்சி வழக்கமான 38.2 டிகிரியிலேயே நிற்கும். அகலம் மட்டும் கூடி, துகளின் அளவையும் உச்சியின் அகலத்தையும் இணைக்கும் ஷெரர் சமன்பாட்டின்படி ஏறக்குறைய 0.65 டிகிரிக்கு வரும். ஆக, இந்த அளவில் தங்கம் இன்னும் உலோகம்தான். புதிய ஆற்றல் இடைவெளி எதுவும் பிறக்கவில்லை.

அப்படியானால் சிவப்பு எங்கிருந்து வந்தது? ஒளி ஒரு மின்புலம். 520 நானோமீட்டர் அலைக்கு முன்னால் 13 நானோமீட்டர் துகள் மிகச் சிறியது. அதனால் துகள் முழுவதும் ஒரே கணத்தில் ஒரே திசையில் இழுபடுகிறது. அணுவுக்கு ஒன்றாக அந்த 68,000 கட்டுறா எலக்ட்ரான்களும் ஒன்றாக ஒரு பக்கம் ஒதுங்குகின்றன, மறுபக்கத்தில் நேர்மின்சுமை மிஞ்சுகிறது. அது அவற்றைத் திரும்ப இழுக்கிறது. ஊஞ்சலை அதன் தாளத்துக்குச் சரியாகத் தள்ளினால்தான் வீச்சு ஏறும். அதே மாதிரி, ஒளியின் அதிர்வெண் இந்தக் கூட்டு அலைவின் அதிர்வெண்ணோடு பொருந்தும்போது துகள் ஒளியை அள்ளி உறிஞ்சுகிறது. இதுதான் பரப்பு பிளாஸ்மான் ஒத்ததிர்வு. நீரில் இருக்கும் தங்கத்துக்கு அது பச்சையில், 520 பக்கம் விழுகிறது. வெள்ளிக்கு 400 பக்கம் விழுகிறது, அதனால் வெள்ளிக் கூழ்மம் மஞ்சளாக இருக்கிறது.

இப்போது உங்கள் கேள்விக்குத் தேவையான இடம். சிறிய உருண்டைகளுக்கு இந்த ஒத்ததிர்வு எப்போது வரும்? உலோகத்தின் மின்காப்பு மாறிலியின் (மின்புலத்துக்கு ஒரு பொருள் எப்படி எதிர்வினை காட்டுகிறது என்று சொல்லும் எண்) மெய்ப்பகுதி, சுற்றியுள்ள ஊடகத்தின் மாறிலியைப் போல் எதிர்க்குறியில் இரண்டு மடங்காகும்போது. இந்த நிபந்தனையை இன்னொரு தடவை படியுங்கள். அதில் துகளின் ஆரம் எங்குமே இல்லை. உலோகம் எது, ஊடகம் எது, வடிவம் என்ன, இவ்வளவுதான் கேட்கிறது. எண்களும் இதைத்தான் காட்டுகின்றன: 10 நானோமீட்டர் துகளுக்கும் 20 நானோமீட்டர் துகளுக்கும் உச்சி சில நானோமீட்டர்தான் வித்தியாசப்படும். 100 நானோமீட்டர் போனால் 570 பக்கம் வரும். அதற்கும் காரணம் கன்ஃபைன்மென்ட் அல்ல. துகள் பெரிதானதால் அதன் இரு முனைகளும் அலையின் வேறு வேறு கட்டத்தைக் காண்கின்றன, சிதறலும் கூடுகிறது. 1908-இல் குஸ்டாவ் மீ, மேக்ஸ்வெல்லின் சமன்பாடுகளை வைத்தே தங்கக் கூழ்மத்தின் நிறத்தைக் கணக்கிட்டுக் காட்டிவிட்டார். அப்போது குவாண்டம் இயக்கவியல் பிறக்கவே இல்லை!

வடிவம் என்றேனே, அதற்கு நல்ல சாட்சி தங்க நானோ தண்டுகள். உருண்டைக்கு ஓர் உச்சி, தண்டுக்கு இரண்டு: குறுக்குவாக்கில் ஆடும் எலக்ட்ரான்களுக்கு 520 பக்கம், நீளவாக்கில் ஆடுபவற்றுக்கு அதைவிட நீண்ட அலைநீளத்தில். நீளம் அகலத்தைப் போல நான்கு மடங்கானால் இரண்டாவது உச்சி 800 பக்கம் போய்விடும், கண்ணுக்கே தெரியாது. தங்கத்தின் அளவைக் கூட்டாமல், உருவத்தை மட்டும் மாற்றியே இது நடக்கும்.

காட்மியம் செலினைடு வேறு ஜாதி. அது குறைக்கடத்தி. அதற்கு உண்மையிலேயே இடைவெளி இருக்கிறது, பெரிய படிகத்தில் 1.74 எலக்ட்ரான் வோல்ட். ஒளி பட்டதும் ஓர் எலக்ட்ரான் மேலே போகிறது, கீழே அது விட்டுப்போன காலியிடம், அதாவது ஒரு துளை மிஞ்சுகிறது. இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்க அந்தப் படிகத்தில் சுமார் 5 நானோமீட்டர் ஆரத்துக்கு இடம் தேவை. துகளே அதைவிடச் சிறியதாக இருந்தால் இணை நெருக்கப்படுகிறது, அதன் ஆற்றல் ஆரத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் ஏறுகிறது. அதனால்தான் 6 நானோமீட்டர் புள்ளி சிவப்பாகவும் 2 நானோமீட்டர் புள்ளி நீலமாகவும் ஒளிர்கிறது. 2-க்கும் 6-க்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியும் நிறமாலையே அடங்கிவிடுகிறது. தங்கத்தில் அதே அளவு வித்தியாசம் கண்ணுக்குப் புலப்படாது. உங்கள் குறிப்பில் ஒரே வரியில் இருக்கும் இரண்டு எடுத்துக்காட்டுகளையும் பிரிக்க இந்த ஒரு ஒப்பீடே போதும். எகிமோவ் கண்ணாடிக்குள்ளும் புரூஸ் கரைசலிலும் 1980-களின் தொடக்கத்தில் கண்டதும், அளவு சீராக வரும்படி 1993-இல் பவெண்டி செய்துகாட்டியதும் இதைத்தான். மூவருக்கும் 2023-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இன்னொரு வேறுபாட்டையும் கவனியுங்கள். குவாண்டம் புள்ளியில் நீங்கள் பெரும்பாலும் பார்ப்பது அது உமிழும் ஒளியை. தங்கக் கூழ்மத்தில் பார்ப்பது அது உறிஞ்சியது போக மிஞ்சிய ஒளியை.

உப்பு விஷயம்: சிட்ரேட் ஒவ்வொரு துகளையும் எதிர்மின்சுமையால் போர்த்தி வைத்திருக்கிறது, துகள்கள் விலகி நிற்பது அதனால்தான். உப்பு விட்டதும் சோடியம் அயனிகள் சூழ்ந்து அந்தச் சுமையை மறைத்துவிடுகின்றன. 0.1 மோலார் உப்பில் விலக்கம் எட்டும் தூரம் ஏறக்குறைய 1 நானோமீட்டராகச் சுருங்கிவிடும். அப்புறம் துகள்கள் நெருங்கி ஒட்டுகின்றன. ஆனால் அவை உருகிச் சேர்ந்து ஒரே பெரிய உருண்டை ஆவதில்லை. ஒவ்வொன்றும் தன் 13 நானோமீட்டரிலேயே இருக்கிறது. பக்கத்துத் துகளின் எலக்ட்ரான் அலைவோடு இதன் அலைவு பிணைந்துகொள்வதால் மொத்த ஒத்ததிர்வும் குறைந்த ஆற்றலுக்கு, 600–700 பக்கம் இறங்குகிறது. நிறம் மாறியதற்குக் காரணம் துகள்களுக்கு நடுவில் இருந்த இடைவெளி குறைந்தது. துகளின் அளவு மாறவில்லை.

1857-இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மைக்கேல் ஃபாரடே செய்ததும் இதுதான். தங்க குளோரைடை பாஸ்பரஸால் ஒடுக்கிச் சிவப்புத் திரவம் செய்தார், உப்புப் போட்டால் அது நீலமாவதையும் எழுதி வைத்தார். அவர் செய்த தங்கக் கூழ்மப் புட்டிகள் இன்னும் அங்கே இருக்கின்றன. துகள்களைக் காட்டும் எலக்ட்ரான் நுண்ணோக்கி வருவதற்கு வெகு காலம் முன்பே, மிக நுண்ணிய தங்கத் துகள்கள்தான் நிறத்துக்குக் காரணம் என்று முடிவு செய்த மனிதர் அவர். வகுப்பில் அவர் பெயரை மின்காந்தத் தூண்டலோடு நிறுத்திவிடுகிறோம், எனக்கு அது எப்போதுமே குறையாகத்தான் படும்.


லேப் கோட்

டீச்சர் சொன்னதைத் தினமும் கையில் வைத்து வேலை செய்கிறவன் நான். ரேபிட் டெஸ்ட் கிட் தயாரிக்கும் இடத்தில் இருக்கிறேன். கர்ப்பப் பரிசோதனை அட்டையிலும் கொரோனா ஆன்டிஜன் அட்டையிலும் வரும் சிவப்புக் கோடு பெரும்பாலும் இதே தங்கத் துகள்தான், வழக்கமாக 40 நானோமீட்டர் பக்கம். அதைவிடச் சிறியதாக இருந்தால் ஒரு துகள் உறிஞ்சும் ஒளி குறைவு, கோடு மங்கல். ரொம்பப் பெரிதாக்கினால் நிலையாக நிற்காது.

துகள் மேல் ஆன்டிபாடி ஏற்றும்போது எங்களுக்கு வழிகாட்டுவதே நிலா செய்த உப்புச் சோதனைதான். வரிசையாகக் குழாய்களில் ஒரே அளவு கூழ்மம், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுதல் ஆன்டிபாடி. சிறிது நேரம் விட்டு எல்லாவற்றிலும் 10 சதவீத உப்புக் கரைசல் விடுவோம். புரதம் போதாத குழாய்கள் நீலமாகும். எந்தக் குழாயிலிருந்து சிவப்பு அசையாமல் நிற்கிறதோ, அந்த அளவுக்குச் சற்று மேலே எடுத்துக்கொள்வோம். துகளைப் புரதம் முழுக்கப் போர்த்திவிட்டால் உப்பு ஒன்றும் செய்யாது. ஏனென்றால் இப்போது விலக்கி வைப்பது மின்சுமை மட்டும் இல்லை, நடுவில் புரத அடுக்கே தடுப்பாக நிற்கிறது.

செய்முறைக்கு ஒரு குறிப்பு: வெறும் சிட்ரேட் கூழ்மத்துக்குள் பிஎச் மீட்டரின் எலக்ட்ரோடை நேராக விடாதீர்கள். தங்கம் அதில் படிந்து அடைத்துவிடும். தாள் போதும். கண்ணாடிச் சாமான்களை இராஜ திராவகத்தில் கழுவி, நன்றாக அலசிவிட்டுத் தொடங்குங்கள். சுவரில் பழைய தங்கம் ஒட்டியிருந்தால் புதியது அதன்மேல் வளரும், அளவு சீராக வராது.


நிலா_எம்எஸ்சி

டீச்சர், லேப் கோட் சார், குவார்க், மூவருக்கும் நன்றி. இன்று நீலக் குழாய் ஒன்றைப் புதிதாகத் தயாரித்து யூவியில் வைத்தேன். 522-இல் ஒரு சிறிய மேடு மிச்சம் இருக்கிறது, 640 பக்கம் அகலமாக இன்னொன்று. தனியாக இருக்கும் துகள்கள் கொஞ்சம், ஒட்டியவை மீதி என்று புரிந்துகொள்கிறேன்.

ஒரே ஒரு சந்தேகம். அப்படியானால் தங்கத்தில் குவாண்டம் விளைவே கிடையாதா? எவ்வளவு சிறியதாக்கினாலும் உலோகமாகவே இருக்குமா?


வேதி டீச்சர்

உங்கள் வாசிப்பு சரிதான். 520-இலும் 640-இலும் உள்ள உறிஞ்சுதலின் விகிதத்தை நேரத்தோடு வரைந்தால் ஒட்டும் வேகமே தெரியும்.

தங்கத்துக்கும் எல்லை உண்டு, அதை நீங்களே கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கலாம். உலோகத் துகளில் அடுத்தடுத்த ஆற்றல் மட்டங்களுக்கு நடுவில் உள்ள சராசரி இடைவெளியை இயற்பியலாளர் கூபோ ஒரு எளிய கோவையில் தந்தார்: ஃபெர்மி ஆற்றலை (எலக்ட்ரான்கள் நிரம்பியிருக்கும் உச்ச மட்டத்தின் ஆற்றல்) 4-ஆல் பெருக்கி, எலக்ட்ரான் எண்ணிக்கையின் 3 மடங்கால் வகுக்க வேண்டும். தங்கத்தின் ஃபெர்மி ஆற்றல் 5.5 எலக்ட்ரான் வோல்ட், அணுவுக்கு ஒரு கட்டுறா எலக்ட்ரான். உங்கள் 68,000 அணுத் துகளுக்கு 0.0001 எலக்ட்ரான் வோல்ட் வரும். அறை வெப்பநிலையின் வெப்ப ஆற்றல் 0.025. மட்டங்கள் இருப்பதே எலக்ட்ரானுக்குத் தெரியாது, உலோகம்தான். இரண்டும் சமமாக எத்தனை அணு வேண்டும்? ஏறக்குறைய 300. விட்டமாக மாற்றினால் 2 நானோமீட்டர். சோதனையில் பிளாஸ்மான் உச்சி மறைந்துபோவதும் அந்தப் பக்கத்தில்தான். இவ்வளவு எளிய கணக்கு இவ்வளவு கிட்டத்தில் வந்து நிற்பது எனக்கு ஒவ்வொரு முறையும் சந்தோஷம் தரும்.

அதற்குக் கீழே கட்டமைப்பே மாறிவிடும். 25 தங்க அணுவும் 18 தயோலேட்டும் (கந்தகம் வழியாகத் தங்கத்தைப் பிடிக்கும் கரிமத் தொகுதி) கொண்ட கொத்து ஒன்று இருக்கிறது, 2008-இல் அதன் படிக அமைப்பைத் தீர்த்தார்கள். நடுவில் 13 அணுக்கள் இருபதுமுகியாக நிற்கின்றன: மையத்தில் ஒன்று, சுற்றிலும் 12. மீதி 12 தங்க அணுக்கள் கந்தகத்தோடு சேர்ந்து ஆறு வளைவுகளாக வெளியே பூட்டுப் போடுகின்றன. முகப்பு மைய கனசதுரம் அங்கே இல்லை. 520-இல் உச்சியும் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு மூலக்கூறுக்கு உரிய படிநிலை உறிஞ்சுதலும் சுமார் 1.3 எலக்ட்ரான் வோல்ட் இடைவெளியும் இருக்கின்றன. நீங்கள் ‘இல்லாத இடைவெளி’ என்று எழுதினீர்களே, அது பிறக்கும் இடம் இது. குறிப்பில் தங்கத்தை குவாண்டம் விளைவுக்கு எடுத்துக்காட்டாகப் போட வேண்டுமென்றால் இந்தக் கொத்தைத்தான் போட வேண்டும், சிவப்புக் கூழ்மத்தை அல்ல.

பரப்பு அணுக்களின் கணக்கு தனி. 55 அணுக் கொத்தில் 42 அணுக்கள் வெளியில் நிற்கும். உங்கள் 13 நானோமீட்டர் துகளில் பத்தில் ஒரு பங்குதான். வெளியில் நிற்கும் அணுவுக்குப் பக்கத்து அணுக்கள் குறைவு, பிடிப்பும் குறைவு. சிறிய தங்கத் துகள் 1064 டிகிரிக்கு வெகு கீழேயே உருகுவதற்கும், 5 நானோமீட்டருக்குக் கீழான தங்கம் கார்பன் மோனாக்சைடை உறைநிலைக்குக் கீழும் ஆக்சிஜனேற்றுவதாக 1987-இல் வேதியியலாளர் ஹருடா கண்டதற்கும் இந்தப் பரப்பு அணுக்களுக்கு முக்கியப் பங்கு உண்டு. வினையூக்கத்தில் தாங்கியாக இருக்கும் ஆக்சைடும் சேர்ந்து வேலை செய்கிறது, அதைத் தனியாகப் படியுங்கள்.

வைவாவில் கேட்டால் இப்படிச் சொல்லுங்கள்: கூழ்மத் தங்கத்தின் சிவப்பு கட்டுறா எலக்ட்ரான்களின் கூட்டு அலைவால் வருகிறது, மரபு மின்காந்தவியலே அதற்குப் போதும். காட்மியம் செலினைடின் நிறம் எலக்ட்ரான்–துளை இணை நெருக்கப்படுவதால் வருகிறது. தங்கத்தில் அதற்கு ஒப்பான நிலை 2 நானோமீட்டருக்குக் கீழேதான்.

நேரில் பார்க்க ஆசை இருந்தால் உங்கள் ஆய்வகத்திலேயே செய்யலாம். 10 மில்லிமோலார் குளோரோஆரிக் அமிலம் 5 மில்லி, மில்லிக்கு 50 மில்லிகிராம் வீதம் மாட்டு சீரம் ஆல்புமின் கரைசல் 5 மில்லி, 37 டிகிரியில் கலக்குங்கள். இரண்டு நிமிடம் கழித்து 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு அரை மில்லி விட்டு, அதே வெப்பநிலையில் 12 மணி நேரம் விடுங்கள். பிஎச் 12 பக்கம் இருக்க வேண்டும். புரதத்தில் உள்ள டைரோசின்தான் தங்கத்தை ஒடுக்குகிறது, அதற்கு இந்தக் காரத்தன்மை தேவை. பழுப்பு நிறக் கரைசல் வரும். யூவி விளக்கின் கீழ் பிடித்தால் சிவப்பாக ஒளிரும், உமிழ்வு 640 பக்கம். யூவி–விசிபிளும் எடுங்கள். அதில் 520-இல் உச்சி தெரிந்தால் கொத்து தாண்டிப் பெரிய துகளும் உண்டாகியிருக்கிறது, பிஎச்சைச் சரிபார்த்து மறுபடி செய்யுங்கள்.